பழப்புளியில் தேய்த்த காசுகள்

நோத்ர-டாம்-த-கிரேஸ்,
மொன்றியல்.

அன்புள்ள மகள் சாருஜாவுக்கு,

அம்மா எழுதுவது. பேர்த்தில் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மன் துணை. இங்கே நானும் உன் தம்பி அனுஜனும் உயிரோடு இருக்கிறோம், அதையே சுகம் என்று எழுதுகிறேன். நீ போனில் அழுது, அப்பாவை மன்னிச்சு வீட்டுக்குள்ள எடுங்கோ அம்மா என்றாய். பெரியப்பா உனக்கு என்ன சொன்னாரோ தெரியாது, நடந்ததை நான் சொல்கிறேன், ஆறுதலாக வாசி.

வரலட்சுமி விரதத்துக்குக் குத்துவிளக்கையும் செம்பையும் பழப்புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தேன். கும்பத்தடியில் காசு வைக்க வேண்டுமே. அப்பா சேர்க்கிற பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளில் ஒன்று, மலைக்குப் பின்னால் சூரியன் எழும்புகிற வெர்மொண்ட் காசு, மேசையில் கறுத்துப்போய்க் கிடந்தது. அம்மனுக்கு அழுக்குக் காசை வைக்கலாமா, அதையும் சேர்த்துத் தேய்த்தேன். சூரியன் பளிச்சென்று வந்தது. இருநூறு வருடத்துக்கு மேல் படிந்த கறுப்புத்தான் அந்தக் காசின் உயிராம், தேய்த்தால் செத்த காசாம், பிறகு விலையே போகாதாம். அதை அவர் வாயால் சொல்லியிருக்கலாம். என் தலைமயிரைப் பிடித்து முகத்தைச் சிங்க் விளிம்பில் அடித்தார், முன்பல் போய்விட்டது. டோர்வலில் வேலை முடித்து வந்த தம்பி இடையில் விழ, குத்துவிளக்கால் அவன் நெற்றியைப் பிளந்தார். தம்பி அவரைச் சுவரோடு சாத்திக் கழுத்தை நெரித்தான். விடடா, கொலைகாரன் ஆகாதை என்று நான்தான் அவனை இழுத்தேன். மேல்வீட்டுப் பெண் பொலிசைக் கூப்பிட்டாள்.

அப்பா இப்போது இல்-பிசாரில் பெரியப்பா வீட்டில். வழக்கு முடியும்வரை இங்கே கால் வைக்கக்கூடாது என்று கோர்ட் உத்தரவு. பெரியப்பா போன் எடுத்து, ஒரு செப்புக் காசுக்காகக் குடும்பத்தை உடைக்கிறதோ, பொலிசிட்டச் சொன்னதை மாத்திச் சொல்லும் என்கிறார். நானும் அதைத்தான் கேட்கிறேன் பிள்ளை, ஒரு செப்புக் காசுக்காகவா? மாற்றிச் சொல்ல மாட்டேன், அவரை உள்ளே எடுக்கவும் மாட்டேன். நீ என்னோடு கோபிக்கலாம், பரவாயில்லை. தம்பிக்கு மட்டும் அடிக்கடி போன் எடு, அவன் சரியாகச் சாப்பிடுகிறானில்லை. அங்கே மழையும் குளிருமாம், தலை நனையாதே.

சனிக்கிழமை பெரியப்பா சாமான்கள் எடுக்க வருகிறார். காசுப்பெட்டி கவனம், கை படக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டிருக்கிறார். கனெற்றிக்கட் காசு, நியூ ஜேர்சிக் காசு, மசாசூசெட்ஸ் காசு என்று எல்லாவற்றையும் எடுத்து, பழப்புளியும் உப்பும் போட்டு, இரண்டு பக்கமும் தேய்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் நல்ல மினுக்கம்.

நீங்கள் இருவரும் தீர்க்காயுளாக இருங்கள். மருமகன் நல்ல பிள்ளைதான். ஆனாலும் ஒருநாள் கை ஓங்கினால் அன்றைக்கே எனக்குச் சொல், பல்லுப் போகும்வரை பார்த்துக்கொண்டிராதே.

அன்பு அம்மா,
புஷ்பவதி