தட்டான் தீவின் பதினோராம் சீசன்

ஏலகிரி
2.2.2025

அன்புள்ள தானியேல் அண்ணாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் பூசையில் கேட்டுக்கொள்கிறேன்.

மடத்துக்கு வந்து பதினெட்டு நாள் ஆகிறது. இந்த ஒரு வருடப் பயிற்சி முடியும்வரை போன் இல்லை, டிவி இல்லை. மாதம் இரண்டு கடிதம் எழுதலாம். போகிற கடிதம், வருகிற கடிதம் இரண்டையும் எங்கள் பொறுப்பாளர் சிஸ்டர் பிலோமினா முதலில் படிப்பார். ஆகவே திட்டுவதாக இருந்தால் கொஞ்சம் மரியாதையாகத் திட்டு.

கிளம்புவதற்கு முன் நான்கு நாள் நீ என்னிடம் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கும் வரவில்லை. பங்குச் சாமியாரிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் விடமாட்டாய் என்று பயந்தேன். தப்புதான்.

ஒரே ஓர் உதவி கேட்கிறேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, ‘தட்டான் தீவு’ மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. எனக்கு ஏழு வயது, உனக்குப் பதினொன்று இருக்கும்போது ஆரம்பித்த கார்ட்டூன். எட்டாவது சீசன் வரை சேர்ந்து பார்த்தோம். பிறகு உனக்கு ஷிப்டு, எனக்குக் காலேஜ் என்று விட்டுப்போனது. மிச்சமிருக்கிற மூன்று சீசனையும் பார்த்து எழுதுகிறாயா? ஆட்டுக்கிடா கேப்டன் மே இன்னும் தாடியை உருவிக்கொண்டே படகு ஓட்டுகிறதா? சிமியும் அவள் அண்ணன் டோங்காவும் சண்டை போடுகிறார்களா? கம்பெனியில் ஷூவைச் சோதிப்பதுபோலக் கறாராக எழுது.

மார்ச் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு வீட்டார் வந்து பார்க்கலாம். வாணியம்பாடியிலிருந்து பஸ் இருக்கிறது. அம்மாவை அழைத்து வா. என் கையெழுத்து அம்மாவுக்குப் புரியாது, நீதான் படித்துக் காட்ட வேண்டும்.

உன் தங்கை,
ஜெசிந்தா

*

ஆம்பூர்
23.2.2025

ஜெசி,

கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாங்கள் சுகம்.

ஒன்பதாவது சீசன். சாப்பாட்டு இடைவேளையில் போனில் பார்த்தேன். கட்டிங் செக்ஷன் சர்தார் பாஷா அண்ணன் எட்டிப் பார்த்து, நான் என்ன குழந்தையா என்று கேலி செய்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இப்போது அவர் வருவதற்கு முன் ஆரம்பித்தால் கோபித்துக்கொள்கிறார்.

முதல் குறை, கேப்டன் மேயின் குரலை மாற்றிவிட்டார்கள். பழைய குரலில் வெற்றிலை போட்ட கரகரப்பு இருக்கும். இது நகைக்கடை விளம்பரம் சொல்கிறவன் குரல். அடுத்து, எல்லாம் கம்ப்யூட்டர் படம். கடல் பளபளவென்று இருக்கிறது, ஆனால் லெதர் இல்லை, ரெக்ஸின். தொட்டுப் பார்க்காமலே தெரிகிறது. குட்டி மே என்று ஓர் ஆட்டுக்குட்டியைப் புதிதாகப் புகுத்தியிருக்கிறார்கள். பொம்மை விற்பதற்கு. அது வருகிற இடமெல்லாம் கதை நிற்கிறது.

பன்னிரண்டாவது எபிசோடு மட்டும் தேறும். புகையன் வழக்கம்போலத் தீவைப் பிடிக்கப் புகையால் மூடுகிறான். அந்தப் புகையில் அவனுக்கே வழி தெரியாமல் போய், டோங்கா வீட்டுக் கதவைத் தட்டிக் கடற்கரைக்கு வழி கேட்கிறான். அவர்களும் வழி சொல்லி அனுப்புகிறார்கள். பாஷா அண்ணன் சிரித்ததில் சாம்பார் சட்டையில் கொட்டியது. மற்றதெல்லாம் ரீவொர்க்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய சரக்கு.

மார்ச்சில் ஷிப்மெண்ட் இருக்கிறது. வர முடியாது.

தானியேல்

*

ஏலகிரி
16.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ கோபத்தில் இருக்கிறாய் என்பது கடிதத்தின் முதல் இரண்டு வரியிலும் கடைசி இரண்டு வரியிலும் தெரிந்தது. நடுவில் இருந்தது என் அண்ணன். அது போதும் எனக்கு.

குட்டி மே விஷயத்தில் நீ சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இப்போது பார்க்கிற குழந்தைக்கு அதுதான் முதல் மே. உனக்கு முப்பது வயது ஆகப்போகிறது. உனக்காகவா எடுக்கிறார்கள்? ரெக்ஸின் கடல் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதற்கில்லை, பாவம்.

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது சிஸ்டர் பிலோமினா, புகையன் எதற்காக அந்தத் தீவைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று கேட்டார். எட்டு சீசன் பார்த்தவளுக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

9ஆம் தேதி மற்றவர்களின் வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள். ஷிப்மெண்ட் என்று நீ எழுதியிருந்தாலும், அம்மா தனியாகக் கிளம்பி வந்துவிடுவாளோ என்று ஐந்து மணி வரை வாசலோரச் செடிகளுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா எனக்கென்று ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லையே, ஏன்?

ஜெசிந்தா

*

ஆம்பூர்
27.4.2025

அன்புள்ள ஜெசி,

ஈஸ்டர் வாழ்த்து. சிஸ்டருக்குப் பதில்: புகையனுக்கு வீடு கிடையாது. நான்காவது சீசனில் ஒரே ஒரு வரியில் வரும். நீ அப்போது அம்மை போட்டுப் படுத்திருந்தாய்.

பத்தாவது சீசன் பார்த்தேன். குரல் பழகிவிட்டது. பழகினது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் பழகிவிட்டது. பாட்டுகள் ஜாஸ்தி, கதை கம்மி. ஒரு எபிசோடில் டோங்காவுக்குக் குரல் உடைகிறது. அவன் வாயைத் திறந்தாலே தீவில் இருக்கிற பறவையெல்லாம் பறந்து ஓடுகின்றன. வெட்கப்பட்டு நாள் முழுக்கப் பேசாமல் இருக்கிறான். சிமியும் அவனோடு சேர்ந்து அன்று முழுக்கப் பேசாமல் இருக்கிறாள். பதினெட்டு வருடமாக எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கை நிதானம் மிச்சம் இருக்கிறது. நான் பார்க்கிற ஆயிரம் ஜோடியில் ஒரு ஜோடி அப்படி வரும். டேபிளில் இருந்து இறக்கவே மனசு வராது.

அம்மாவுக்கு உன் மேல் வருத்தம்தான். அதிகம் பேசுவதில்லை. ஷூ அப்பர் தைக்கிற வேலையை வீட்டுக்கு வாங்கிவந்து தைத்துக்கொண்டே இருக்கிறாள். அப்பா இறந்தபோது இருந்த மாதிரி இருக்கிறாள். இந்த மாதமும் அடுத்த மாதமும் எனக்கு ஓவர்டைம்.

அண்ணன்,
தானியேல்

*

ஆம்பூர்
6.7.2025

அன்புள்ள ஜெசி,

பதினோராம் சீசன் முடிந்தது. கடைசி எபிசோடை மட்டும் எழுதுகிறேன்.

கடல் நடுவில் மூடுபனிப் பாறை. அங்கே விளக்கேற்றுகிற கிழ நாரைக்குக் கண் தெரியாமல் போகிறது. சிமி யாரையும் கேட்காமல் அந்த வேலையை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போய்விடுகிறாள். டோங்கா தனியாகப் படகு ஓட்டிக்கொண்டு அவளைத் தேடிப் போகிறான். சிமி டீ போட்டுத் தருகிறாள். குடித்துவிட்டு, "ஒரு ஆளா துடுப்பு போட முடியல சிமி" என்கிறான். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் படகில் ஏறிவிடுகிறாள். விளக்கை கேப்டன் மே பார்த்துக்கொள்கிறது. இருவரும் கரைக்கு வருகிறார்கள். முடிந்தது. நல்ல எபிசோடு.

அம்மா இளைத்துவிட்டாள். இப்போது பூசைக்கும் சரியாகப் போவதில்லை.

அண்ணன்,
தானியேல்

*

ஏலகிரி
20.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கார்ட்டூனுக்கு அழுதேன் என்று யாரிடமும் சொல்லாதே. சிஸ்டருக்கு மட்டும் தெரியும்.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்று மாதமாக எனக்கு இங்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஜெபத்தில் உட்கார்ந்தால் ஒன்றுமே நடப்பதில்லை. அம்மா வீட்டில் அப்பர் தைத்துக்கொண்டிருப்பதுதான் கண்ணில் நிற்கிறது. பெற்றவளை அப்படி விட்டுவிட்டு வந்து இங்கே யாருக்கு என்ன சேவை செய்யப்போகிறேன்? உன் கடிதத்தைப் படித்துவிட்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் தடுக்கவில்லை. "இன்னும் மூணு வாரம் இரு. அதுக்கப்புறமும் போகணும்னு தோணுச்சுன்னா நானே பஸ் ஏத்தி விடறேன்" என்றார்.

ஆகஸ்ட் 10க்குப் பிறகு வந்துவிடுவேன் அண்ணா. அம்மாவிடம் சொல்லு. சாப்பிடச் சொல்லு.

ஜெசிந்தா

*

ஆம்பூர்
27.7.2025

ஜெசி,

சிஸ்டர் பிலோமினா அவர்களே, நீங்கள்தான் இதை முதலில் படிப்பீர்கள். தயவு செய்து நிறுத்தி வைக்காமல் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

உன் கடிதம் வந்த அன்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கேண்டீனில் பாஷா அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படகில் சிமி திரும்பி வருகிற எபிசோடைப் படித்துவிட்டு என் தங்கை வருகிறாள் என்றேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "இன்னாப்பா சொல்ற? அந்தப் பொண்ணு படகுல ஏறவே இல்லியே" என்றார். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

சிமி ஏறவில்லை ஜெசி. ஒரு ஆளாகத் துடுப்பு போட முடியவில்லை என்று டோங்கா சொல்லவும் இல்லை. நான் எழுதியது அது. உண்மையான எபிசோடில் அவன் ஒன்றுமே சொல்வதில்லை. டீ குடித்துவிட்டு அவளைப் பார்க்கிறான். அவள் விளக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். அவன் தனியாகப் படகில் திரும்பி வருகிறான். இரண்டு நிமிடத்துக்குப் பாட்டு இல்லை, வசனம் இல்லை, துடுப்புச் சத்தம் மட்டும். இந்த மூன்று சீசனில் அதைவிட நல்லது ஒன்றும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, மாற்றி எழுதினேன்.

இதோடு முடியவில்லை. அம்மா இளைக்கவில்லை. மூட்டு வலி இருக்கிறது, அவ்வளவுதான். தையல் வேலை எப்போதும் செய்கிறதுதான். ஞாயிறு பூசைக்குத் தெருவிலேயே முதலில் கிளம்புகிறவள் அவள். உன்னிடம் அவள் சொல்லச் சொன்னதை எல்லாம் நான் எழுதாமல் விட்டேன். நீ எழுதிய இரண்டாவது ஞாயிறு வரிகளையும் அவளுக்குப் படிக்கவில்லை. பயிற்சி முடியும்வரை யாரும் போய்ப் பார்க்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்பாய். அம்மா உன்னை அங்கே பார்த்தால் சமாதானமாகிவிடுவாள். அவளும் சமாதானமாகிவிட்டால் கோபமாக இருப்பதற்கு நான் ஒருத்தன்தான் மிஞ்சுவேன்.

நீ வந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் என் பொய்யை நம்பி வராதே.

தானியேல்

*

ஏலகிரி
10.8.2025

அண்ணா,

சிஸ்டர் உன் கடிதத்தை என் கையில் கொடுத்து, "உக்காந்து படி" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் உன் மேல் பயங்கரக் கோபம். ஆறு இரண்டாவது ஞாயிறு ஆகிறது அண்ணா, இன்றையதையும் சேர்த்து. அம்மாவுக்கு நான் வேண்டாமல் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கார்ட்டூனை மாற்றி எழுதினதுகூடப் பரவாயில்லை. இதை எப்படிச் செய்தாய்?

பிறகு யோசித்தேன். நான் வருவதாக எழுதிவிட்டேன். நீ பேசாமல் இருந்திருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பேன். பாஷா அண்ணன் வந்து எனக்குச் சொல்லப்போவதில்லை. ஆனாலும் நீ எழுதினாய்.

மூன்று வாரம் இன்றோடு முடிகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு ஜெபத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் எழுந்து போகவும் தோன்றவில்லை. அதுவே எனக்குப் போதும் என்று இருக்கிறது. நான் இங்கேயே இருக்கிறேன் அண்ணா. யாரும் இருக்கச் சொல்லவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். மூன்று சீசனைப் பற்றி இவ்வளவு எழுதினாய். ஒரு கடிதத்தில்கூட, அங்கே எப்படி இருக்கிறாய் என்று என்னைக் கேட்கவில்லை.

ஜெசிந்தா

*

ஆம்பூர்
7.9.2025

அன்புள்ள ஜெசி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதத் தைரியம் வரவில்லை. போன வாரம் சனிக்கிழமைதான் உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒரு வரி விடாமல் அம்மாவுக்குப் படித்தேன். நான் உனக்கு எழுதினதையும் சொன்னேன். அம்மா அப்பர் தைத்துக்கொண்டே கேட்டாள். நீ வாசலில் களை எடுத்த இடம் வந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவ போய்ட்டான்னு நான் அழுவலடா. பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்களேன்னுதான் அழுதேன்" என்றாள்.

அதற்கப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், பேசவில்லை. நான்கு நாள் நான் உன்னோடு பேசாமல் இருந்தது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. புதன்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "ஏலகிரிக்கு மொத பஸ் எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள்.

வருகிற 14ஆம் தேதி வருகிறோம். லீவு சொல்லிவிட்டேன். மலைப்பாதை வளைவுகளில் குமட்டும் என்று எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறாள். உனக்கு மக்கன் பேடா, சிஸ்டருக்குத் தனியாக ஒரு டப்பா. பாஷா அண்ணன் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். நீ அங்கேயே இருக்கப்போவதைச் சொன்னேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அங்கே எப்படி இருக்கிறாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்டுவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வேண்டாம். கடிதத்தில் கேட்டால் ‘நான் சுகம்’ என்று எழுதுவாய். நேரில் கேட்கிறேன்.

உன் அண்ணன்,
தானியேல்