ஒரு தடவை அலசிய டேங்க்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. கொள்ளிட மணல் மொத்தமும் என் கண்ணில். கே.கே. நகரிலிருந்து தோட்டத்துக்கு ஸ்கூட்டரில் ஐம்பது நிமிடம், மாம்பழச் சாலையில் மட்டும் பதினைந்து.

18ஆம் தேதி சென்னையிலிருந்து விருந்தினர். நான் பயிற்சி கொடுக்கும் இந்த இளைஞர் கூட்டுத் தோட்டமே அவர்கள் தயவில்தான் ஓடுகிறது. செயலாளர் (இனி செ.) போனில் மூன்று தடவை: "தோட்டம் பளிச்சுன்னு இருக்கணும் மேடம்."

செய்ய வேண்டியவை:
– வாசல் பலகை துடைக்க ("இங்கு ரசாயனம் இல்லை")
– டம்ளர் பன்னிரண்டு
– பல் டாக்டர்
– பாதை முழுக்கக் கோரை. யார் பிடுங்குவது?

பிள்ளைகள் பன்னிரண்டு பேர். ஏழு பேர் செடிக்கு வருகிறார்கள், ஐந்து பேர் சுண்டலுக்கு.

கயல்விழியின் கத்தரிப் பாத்தியை எப்போதும் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்த்தால் மற்றதெல்லாம் குப்பை. வயது இருபது, படிப்பு பிளஸ் டூ. இன்று சத்துக் குறைவு பற்றி எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன், வெளுத்த இலையைக் கையில் பிடித்தபடி. நடுவில் அவள்: "மேடம், அது சத்துக் குறைவு இல்லங்க. அடியில திருப்பிப் பாருங்க, சிலந்திப்பேன்."

திருப்பினேன். இருந்தது. பிள்ளைகள் இலையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். எம்.எஸ்சி. தாவரவியல் படித்தது நான்.

ஜூலை 8, செவ்வாய்

காற்று குறையவில்லை. செ. வந்து எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். யார் பாத்தி நன்றாக இருக்கிறதோ அவருக்கு அடுத்த மாதத்திலிருந்து உதவிப் பயிற்சியாளர் வேலை. முடிவு விருந்தினர் வரும் அன்று. யாருக்கு என்று தோட்டத்து ஓணானுக்குக்கூடத் தெரியும்.

கயல் பின்னாலேயே வந்தாள். "இந்த வேலை கெடைச்சா திருப்பூர் அனுப்ப மாட்டேன்னு அப்பா சொல்லியிருக்காங்க மேடம். இல்லன்னா பனியன் கம்பெனி வேன் வருது, ஹாஸ்டல்ல தங்கணும். ரெண்டு வருஷம்."

"நல்லா செஞ்சா கிடைக்கும்" என்றேன். கண் கலங்கினாள். இந்த அழுகைகளுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

கோரையைப் பற்றிக் கேட்டேன். "தண்ணி விட்டு, ஈரத்துல கையால புடுங்கணும் மேடம். அப்பதான் கெழங்கோட வரும். பதினஞ்சு நாள் ஆகும்." பதினைந்து நாளுக்கு நான் எங்கே போவேன்?

ஜூலை 9, புதன்

உறையூரில் என்னைத் தெரியாத ஒரு கடை. களைக்கொல்லி ஒரு பாட்டில், துணிப்பையில், மேலே இரண்டு கட்டுக் கீரை.

பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பிவிட்டேன். தோட்டத்தில் இருக்கும் ஒரே ஸ்பிரேயரை முதுகில் மாட்டி, பாதை முழுக்க நானே அடித்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முகத்தில் ஸ்கூட்டருக்குக் கட்டும் துப்பட்டா. இரண்டு மணி வெயில். யாராவது பார்த்திருந்தால் பேயென்று ஓடியிருப்பார்கள்.

டேங்கை ஒரு தடவை அலசினேன். சோப்பு போட்டு மூன்று தடவை கழுவ வேண்டும் என்று தெரியும். முதுகு விட்டுப்போயிருந்தது. ரசம் வைத்தேன், உப்பு அதிகம்.

ஜூலை 12, சனி

கோரை மஞ்சளாகிவிட்டது. அழகு.

கயல் குனிந்து பார்த்தாள். "பாதையில மட்டும் காயுதே மேடம்? பாத்தி ஓரத்துல பச்சையா இருக்கு."

"பாதையில மிதிபடுதுல்ல" என்றேன்.

"ஆமா மேடம்." சட்டென்று நம்பினாள். சிலந்திப்பேனைக் கண்டுபிடிக்கிற கண், மனிதர்கள் விஷயத்தில் சுத்தக் குருடு.

ஜூலை 14, திங்கள்

இதை எழுதியே ஆக வேண்டும், வேறு எங்கும் சொல்ல முடியாது.

ஏழரைக்குப் போனபோது கயல் ஸ்பிரேயரை எடுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் வடிகட்டிய பஞ்சகவ்யம் ஒரு வாளி. அந்த நாற்றத்தில் வேறு எந்த வாசனையும் எடுபடாது. விருந்தினர் வருவதற்குள் இலையில் பளபளப்பு வர வேண்டுமாம்.

என்னைப் பார்த்ததும் கேட்டாள். "மேடம், டேங்க் கழுவியிருக்கா?"

கழுவவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். அவள் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. எல்லார் முன்னாலும் கேட்பாள். வாசலில் அந்தப் பலகை வேறு.

"கழுவியாச்சு."

முதலில் தன் பாத்திக்கு அடித்தாள். மற்றவர்கள் "எங்களுக்கும் அடிச்சு விடுக்கா" என்றதால் அதே டேங்கில் இன்னும் ஐந்து பாத்திக்கு. கத்தரி, தக்காளி, மிளகாய். நான் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். முழு டம்ளரும் குடித்தேன். எந்த நிமிடத்திலும் எழுந்து தடுத்திருக்கலாம். பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஜூலை 16, புதன்

நேற்றே வாடல். இன்று ஆறு பாத்தியிலும் இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. தக்காளிதான் படுமோசம்.

கயல் பாத்தியில் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாக விரித்துப் பார்த்தாள். விரித்தால் நிற்கும் என்பதுபோல. மற்ற ஐந்து பேரும் அவளைச் சுற்றி. "உன்ன யாருக்கா அடிக்கச் சொன்னா?" அடிக்கச் சொன்னதே அவர்கள்தான்.

செ. வந்தார். என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார்.

"பஞ்சகவ்யம் அளவு கூடிப்போச்சு சார். ஆர்வக்கோளாறு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுப்பாள் என்று நினைத்தேன். "மன்னிச்சிருங்க சார்" என்றாள்.

பல் டாக்டர் – மறந்துபோச்சு.

ஜூலை 18, வெள்ளி

விருந்தினர் நான்கு பேர், தொப்பியோடு. பாதை சுத்தமாக இருப்பதைப் பாராட்டினார்கள். சுருண்ட பாத்திகள் முன்னால் நின்றுவிட்டார்கள். செ. முகம் வெளுத்தது.

எனக்கு யோசனை வந்தது. "தப்பிலிருந்து கத்துக்கிறதும் எங்க பாடத்துல ஒண்ணு" என்று சொல்லி, கயலை அழைத்து நிறுத்தி, தான் செய்த தவறை அவள் வாயாலேயே விளக்கச் சொன்னேன். சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. விருந்தினரில் ஒரு அம்மா வீடியோ எடுத்தார்.

எல்லாரும் கை தட்டினார்கள். நானும்.

வேலை வெண்டை போட்ட பையனுக்கு. சுண்டல் கட்சி. அவன் பாத்தியில் மருந்து படவில்லை, அதுதான் அவன் திறமை.

ஜூலை 20, ஞாயிறு

மாதா கோயிலில் இரண்டாம் பூசை. புழுக்கம். சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல, பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். கோபம், புறணி, வெள்ளிக்கிழமை கறி சாப்பிட்டது, எல்லாம் சொன்னேன். சாமியார் "வேற ஏதும் இருக்காம்மா?" என்றார். இல்லை என்றேன். பரிகாரமாக மூன்று அருள் நிறை மரியே செபம். அவ்வளவுதான். வரும் வழியில் மீன் வாங்கினேன், சங்கரா.

ஜூலை 22, செவ்வாய்

மேகம், மழை இல்லை. செத்த செடிகளைப் பிடுங்கும் வேலை.

கயல் வந்தாள். வேன் வியாழக்கிழமையாம். விடைபெற வந்திருக்கிறாள் என்று முகத்தை அதற்குத் தயார் செய்துகொண்டேன். அவள் நோட்டை விரித்து என் முன்னால் வைத்தாள்.

"நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க மேடம். தெரிஞ்சா போதும், போயிருவேன். தூங்கவே முடியல."

தேதி, நேரம், அளவு எல்லாம் எழுதியிருந்தாள். பத்து லிட்டர் தண்ணீருக்கு முந்நூறு மில்லி. நான் போர்டில் எழுதிப்போட்ட அதே அளவு, துல்லியமாக. என் வகுப்பில் இத்தனை சுத்தமாக யாரும் எழுதியதில்லை.

சிவப்புப் பேனா எடுத்தேன். முந்நூறை அடித்து மேலே நூறு என்று எழுதினேன்.

அந்த எண் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"நான்தான் போர்டைத் தப்பா பாத்து எழுதியிருக்கேன்போல" என்றாள். நோட்டை மூடிப் பையில் வைத்தாள். "இனிமே செடியத் தொட மாட்டேன் மேடம்."

நல்லபடியாகப் போய்விட்டு வா என்றேன். கேட் வரை போனவள் திரும்பினாள்.

"மத்தவங்களுக்கும் திருத்திக் குடுத்துருங்க மேடம். எல்லார் நோட்டுலயும் முந்நூறுன்னுதான் இருக்கு."

நாளை முதல் வேலை: பதினோரு நோட்டையும் வாங்கிவிட வேண்டும்.