அத்தை வீட்டுக்குக் கூப்பிடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் இரண்டு ஆடுகளும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்கிறீர்களா என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. தினமும் போனில் பேசுகிறோமே, இதில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. நான் பேச ஆரம்பித்தாலே உன் அப்பா காதை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பார், உனக்குத் தெரியாததா. தையலுக்கு நூல் வாங்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிவிட்டு டவுனுக்கு வந்து, உன் அத்தை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதறாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

இந்த வருஷம் வெயில் முன்னாலேயே வந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் புல் எல்லாம் காய்ந்து, கால் வைத்தால் நொறுங்குகிறது. போன வருஷம் மேட்டில் தீ பிடித்ததிலிருந்து, காற்று கொஞ்சம் திசை மாறினாலும் எழுந்துபோய் அந்தப் பக்கம் பார்க்கிறேன். யாராவது குப்பை கொளுத்தினால்கூட வாசலுக்கு ஓடிப்போய் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நெருப்பு நம்மிடம் வருவதற்கு முன்பே அதன் பொறி காற்றில் பறந்து வந்து சருகில் உட்கார்ந்துவிடுமாம். அதனால் கூரையோரத் தகரக் குழாயில் அடைந்து கிடந்த சருகையெல்லாம் அள்ளினோம், கோணி கோணியாக வந்தது. சமையலறைச் சுவரை ஒட்டி உன் அப்பா அழகாக அடுக்கி வைத்திருந்த விறகைப் பார்த்து, "நெருப்புக்கு நீங்களே விருந்து வச்சிருக்கீங்களே" என்று அந்த அதிகாரி சிரித்தார். உன் அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அன்று மாலையே உன் சித்தப்பாவை வரவழைத்து அத்தனையையும் கிணற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார். சுற்றிலும் புல்லைச் செதுக்கித் தரையை மொட்டை அடித்தாயிற்று, பரணில் காற்று வரும் துளைகளுக்குக் கம்பி வலை அடித்தாயிற்று, பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பியாயிற்று. அனல் பட்டாலே பற்றிக்கொள்ளும் என்று, நான் பார்த்துப் பார்த்துத் தைத்த ஜன்னல் திரைகளையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள், வீட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. பத்திரங்கள், மாத்திரைகள், கண்ணாடி, மாற்றுத் துணி எல்லாம் ஒரு பையில் கதவோரம் இருக்கிறது. அப்பாவின் பழைய வேன் ரோட்டைப் பார்த்தபடி நிற்கிறது, டீசலும் நிரப்பியிருக்கிறது.

இத்தனையும் செய்துவிட்டோம், நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை, தீ வந்தால் அத்தை வீட்டுக்குக் கிளம்புவதற்கு ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்றேன். பையைத் தூக்கி வைத்தேன். பெரிய ஆடு உன் அப்பா மாதிரியேதான், இழுத்தால் வராது, கண்டுகொள்ளாமல் விட்டால் தானாக வேனில் ஏறிக்கொள்ளும். அதுவும் ஏறி, நானும் ஏறி உட்கார்ந்தாயிற்று, அப்பாவைக் காணோம். ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனால் மனுஷர் கூடத்தில் லேண்ட்லைன் போன் பக்கத்தில் நிற்கிறார். என்ன என்று கேட்டால், "நியூஸ்ல தீன்னு பாத்தா பாப்பா உடனே கூப்பிடும். எடுக்கலைன்னா துடிச்சுப் போயிடும். ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்" என்கிறார். அவருக்கு இன்னும் நீதான் பாப்பா. இது ஒத்திகைதானே, இப்போது யார் கூப்பிடப் போகிறார்கள் என்றேன். "ஒத்திகைன்னா எல்லாத்தையும்தானே பழகணும்" என்று எனக்கே பாடம் எடுக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் போன வருஷமும் இதேதான் நடந்தது. நீ கூப்பிட்டபோது, "இங்க ஒண்ணுமில்லம்மா, காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது" என்று சொன்னாரே, அப்போது சமையலறைக்குள் புகை வந்துவிட்டது. நான் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். வாசல் வரை வந்தவர், நீ மறுபடி கூப்பிட்டதும் மறுபடி உள்ளே ஓடினார். அன்றைக்குக் காற்று திரும்பியதால் பிழைத்தோம். உன் மேல் ஒரு தப்பும் இல்லை கண்ணு, உனக்குக் கேட்டது அவர் குரல் மட்டும்தானே. ஆனால் வேனில் போய்க்கொண்டே உன்னிடம் பேசலாம் என்றால் நம் பள்ளத்தில் செல்போனுக்கு சிக்னல் கிடையாது, வேன் ஓட்ட எனக்குத் தெரியாது. அவரை விட்டுவிட்டு நான் எங்கே போவேன், சொல்.

அதனால் எனக்காக ஒன்று செய். நான் சொன்னால் அவர் காதில் ஏறாது, நீ சொன்னால்தான் வேதவாக்கு. இந்த வாரம் பேசும்போது, தானாகத் தோன்றியது போல, தீ என்று கேள்விப்பட்டால் வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன், நேராக அத்தை வீட்டுக்குத்தான் கூப்பிடுவேன் என்று சொல்லிவிடு. அதற்கப்புறம் பார், உன் போன் வருவதற்குள் அத்தை வீட்டில் போய் நிற்க வேண்டும் என்று பெரிய ஆட்டுக்கு முன்னால் அவர் வேனில் ஏறி உட்கார்ந்திருப்பார்.

பேத்திக்குச் சளி விட்டதா? வேலை வேலை என்று நீ சாப்பிடாமல் ஓடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. சொன்னதை மட்டும் மறந்துவிடாதே. அப்படியும் மனசு கேட்காமல் அன்றைக்கு நீ வீட்டு நம்பரையே போட்டு, மணி அடித்துக்கொண்டே இருந்து யாரும் எடுக்கவில்லை என்றால், அழாதே அம்மா. நாங்கள் கிளம்பிவிட்டோம் என்று அர்த்தம்.

இப்படிக்கு,
உன் அம்மா