மேலே ஒன்று, கீழே ஒன்று

நானுஓயா
வியாழக்கிழமை

அன்பு மகன் திலக்ஷனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வீக்கம் இன்னும் குறையவில்லை. தங்கச்சி கிருஷாந்தி பரீட்சைக்குப் படிக்கிறாள். உன்னை மட்டும் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு போனில் எதைக் கேட்டாலும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். கடைக்கார சரிபுதீன் நானாவின் மகன் அஃப்ஹம் லீவு முடிந்து சனிக்கிழமை நீ இருக்கிற ஊருக்கே திரும்புகிறான். உன் கையிலேயே கொடுப்பதாகச் சொன்னான். விபத்தை விசாரிக்கிறவர்கள் செவ்வாய்க்கிழமை வருவதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

மழை விட்டபாடில்லை. மேல் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்து, இரண்டு வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள். தேயிலை மலையில் கால் வைக்கிற இடமெல்லாம் வழுக்கல், அட்டை. பொழுது சாய வீட்டுக்கு வந்தால் அடுப்பு மூட்டக்கூட அலுப்பாக இருக்கிறது. இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். முன்பெல்லாம் நான் இப்படி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ அழுதுகொண்டே சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். விமானம் ஓட்டப் பழகுகிற அந்த இடத்தில் இரண்டு சின்ன விமானங்கள் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் இறங்க வந்தன, மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே வந்ததற்கு இறக்கை அடிப்பக்கம் இருந்ததால் அதில் இருந்தவர்களுக்குக் கீழே தெரியவில்லை. கீழே வந்ததற்கு இறக்கை தலைக்கு மேலே, அதனால் மேலே தெரியவில்லை. எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்த உனக்கு மட்டும் இரண்டும் தெரிந்தன. விமானங்களோடு ரேடியோவில் பேசுகிற பெரியவரின் அறைக்கு ஓடினாய். அவர் யாரோ விருந்தாளியோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் உன்னைப் பார்க்கட்டும் என்று வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். அவர் திரும்புவதற்குள் வெளியே இரண்டும் மோதிய சத்தம் கேட்டுவிட்டது. மேலே வந்தவர்கள் எப்படியோ உடைந்த விமானத்தோடு இறங்கித் தப்பினார்கள். கீழே தனியாக ஓட்டி வந்த பெண்பிள்ளை போய்விட்டாள். இருபது வயது என்றாய்.

"வாசல்ல நின்னவன் ஏன் ஒரு சத்தம் போடல?" என்று அப்பா கேட்டார். எனக்கு அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. உனக்கு எட்டு வயதில் ஒரு கடிதத்துக்காக உன்னைத் தோட்டத்து ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துரை, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கோடு பேசிக்கொண்டிருந்தார். நாம் படிக்குக் கீழே நின்றோம். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து மேசைக் கடதாசியெல்லாம் நனைந்தது. நீ, "தொரை, மழ உள்ள வருது" என்றாய். நான் உன் தொடையில் கிள்ளினேன். பெரியவர்கள் நம்மைப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும் என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். அன்று நீ சொன்னது சரி மகனே. நான்தான் உன் வாயை அடைத்தேன்.

இப்போது மேனேஜர் ஒரு கடதாசி நீட்டுகிறார் என்கிறாய். எண்ணெய்த் தாங்கிப் பக்கம் நின்றேன், எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை என்று அதில் கையெழுத்து வைத்தால் வேலை இருக்கும். இல்லாவிட்டால் விசாவை வெட்டி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளை ரேடியோவில் அறிவிக்காமல் இறங்க வந்தாள், தப்பு அவளுடையது என்று எழுதப்போகிறார்கள். ஆனால் நீ வாசலில் நின்றபோது அவள் இறங்க வருவதாகச் சொன்ன குரல் அந்த ரேடியோவிலேயே கேட்டது. பேச்சு சுவாரசியத்தில் இருந்த பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. இது என்னிடம் நீ சொன்னது.

அப்பா, "செத்த புள்ள திரும்பி வரப்போகுதா? இவன் வேலையும் போயிட்டா என்னா செய்யிறது? பேசாம கையெழுத்த வச்சிட்டு இருக்கச் சொல்லு" என்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் காலம் தள்ளினார். பொய் எதற்கு, நானும் இரண்டு நாள் அதையேதான் நினைத்தேன். நீ திரும்பி வந்தால் உனக்கு இங்கே மலையைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

நேற்று கொழுந்து எடுக்கும்போது அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பற்றி நினைப்பு வந்துவிட்டது. பிள்ளையும் செத்து, தப்பும் பிள்ளையுடையது என்று கேட்டுவிட்டு ஒருத்தி எப்படி வீட்டுக்குத் திரும்பிப் போவாள்? எனக்கு அதற்குமேல் கை ஓடவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அரை நாளில் இறங்கி வந்துவிட்டேன்.

அதனால் சொல்கிறேன், கையெழுத்து வைக்காதே. ரேடியோவில் கேட்டதைச் சொல். நீ பேசாமல் நின்றதையும் மறைக்காமல் சொல். யார் அப்படிப் பழக்கியது என்று கேட்டால் என் பெயரைச் சொல், எனக்கு வெட்கமில்லை. அவளுடைய அம்மா வந்தால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல். மொழி தெரியாவிட்டால் அஃப்ஹமை வைத்துக்கொள், நான் அவனிடம் கேட்டுவிட்டேன். அனுப்பிவிட்டால் வா. ஸ்டேஷனுக்கு நானே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நம் தோட்டத்து மாரியம்மா உன் பக்கத்திலேயே நிற்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. எல்லாம் சொல்லி முடித்த பிறகு அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு எனக்கு எழுதி அனுப்பு. வீட்டில் விளக்கு ஏற்றும்போது உன் பெயரை மட்டும் சொல்லிக் கும்பிட என்னால் முடியவில்லை.

உன் அம்மா
வீரம்மா