தண்ணீர் இயந்திரத்துக்குக் கிடைத்த கல்வி உதவித்தொகை குறித்து

விடுநர்:
சலூன் கடைக்காரர் மற்றும் தெருக் குடியிருப்போர் சங்கச் செயலாளர்,
தொடக்கப் பள்ளி இருக்கும் தெரு.

பெறுநர்:
மாண்புமிகு மாவட்ட ஆளுநர் அவர்கள்,
சேவைச் சங்கங்களின் மாவட்ட அலுவலகம்.

பொருள்: என் மகளின் உதவித்தொகை விண்ணப்பமும் பள்ளிக் குடிநீர் இயந்திர விண்ணப்பமும் இடம் மாறிப் போனது – பதினெட்டாம் தேதிக்குள் தீர்வு வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். யார் மீது குற்றம் சொல்வது என்று எனக்கே பிடிபடாத நிலையில் இந்த மனுவை எழுதுகிறேன். எங்கேயாவது கோர்வை தவறினால் மன்னிக்க வேண்டுகிறேன். நடந்ததே கோர்வையாக நடக்கவில்லை.

1. எங்கள் ஊர் சேவைச் சங்கம் கல்வி உதவித்தொகையும் நலத்திட்ட நிதியும் வழங்குவதாக அறிவித்தபோது நான் இரண்டு விண்ணப்பங்கள் கொடுத்தேன். ஒன்று, ஆய்வக நுட்பப் படிப்பில் இடம் கிடைத்திருக்கும் என் மகளுக்காக, தகப்பன் என்ற முறையில். மற்றொன்று, தெருமுனைப் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வேண்டி, குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில். சென்ற ஆண்டு அந்தப் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து ஒரு வாரம் பூட்டியே கிடந்தது. இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தது என் தவறு. என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

2. ஒரு மாதம் கழித்து, சேவைச் சங்கத்திலிருந்து மூன்று பேர் அளவு நாடாவுடன் என் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தை அளந்தார்கள். மின் இணைப்பு எங்கே, கழிவு நீர் எப்படி வெளியேறும் என்று கேட்டார்கள். உதவித்தொகைக்கு இதெல்லாம் பார்ப்பார்கள் போலும் என்று நானும் குளியலறைவரை காட்டினேன். பயனாளிகள் எத்தனை பேர் என்றதற்கு ஒருத்திதான் என்றேன். அவர்கள் முகம் வாடிப் போனது. போகும்போது என் மகளைத் தாங்கள் கொண்டு வந்த சங்கப் பதாகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, 'திட்டத்துக்கு முன்' என்று ஒரு புகைப்படம் எடுத்தார்கள்.

3. அதே வாரத்தில் பள்ளித் தலைமை ஆசிரியைக்கு, விண்ணப்பதாரரை நேர்காணலுக்கு அழைத்து வருமாறும் நன்னடத்தைச் சான்று இணைக்குமாறும் கடிதம் வந்திருக்கிறது. அந்த அம்மையார் எதையும் முறைப்படி செய்பவர். இயந்திரம் இன்னும் வாங்கப்படாததால் அதன் நடத்தை குறித்துக் கூற இயலவில்லை என்று பள்ளியின் முத்திரையிட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாமே நேர்காணலுக்குப் போயிருக்கிறார். நன்றாகப் பேசுபவர். இயந்திரம் தேர்வாகிவிட்டது.

4. முடிவுகள் வந்தன. உதவித்தொகை, குடிநீர் இயந்திரத்துக்கு. என் மகளின் விண்ணப்பம் நிராகரிப்பு. காரணங்கள் இரண்டு: வடிகால் வசதி இல்லை, ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு உள்ளாட்சி அமைப்பு உறுதியளிக்கவில்லை. கடிதத்தை நான் நான்கு முறை படித்தேன். என் மகள் ஒரு முறை படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

5. சேவைச் சங்கத்தின் செயலாளர் என் கடையில்தான் முடி வெட்டிக்கொள்வார். நல்ல மனிதர், ஒற்றை ஆளாக அத்தனை வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறார். முகத்தில் நுரை இருக்கும்போது நான் கேட்பேன், அவர் உம் கொட்டுவார். நுரையைத் துடைத்த பிறகு கேட்டால், "அது கமிட்டி முடிவுங்க" என்பார். கமிட்டித் தலைவரைக் கேட்டால், "எங்களுக்கு நம்பர் மட்டும்தாங்க வரும், பேரு வராது" என்கிறார். என் ஒரே உறையிலிருந்து பிரித்த இரண்டு தாள்களுக்கும் எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்பது மூன்றாவது சவரத்தில்தான் தெரிய வந்தது.

6. அதற்குள் பள்ளியில் இயந்திரம் வந்து, திறப்பு விழாவும் முடிந்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் அதில் குடிக்கிறார்கள். கல்வெட்டில், 'ஆய்வக நுட்பப் படிப்புக்காக' என்று என் மகளின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் அவளை வழியில் பார்த்தால் தண்ணி அக்கா என்று கூப்பிடுகிறார்கள். அவள் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கையசைத்துவிட்டுப் போகிறாள்.

7. என் கடையில் சவரத்துண்டுக்கு ஒரு பெட்டி, முடிவெட்டும் துணிக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். அதுபோல, படிப்புக்கு ஒரு நிறத்திலும் திட்டத்துக்கு வேறு நிறத்திலும் படிவம் அச்சிட்டு, ஆளைப் பார்க்க ஒரு குழுவும் இடத்தைப் பார்க்க ஒரு குழுவும் வைத்தால் என்ன? முடிவு எழுதும் முன் விண்ணப்பித்தவரை ஒரு முறை கூப்பிட்டுக் கேட்டால் என்ன? தங்களுக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தோன்றியதை எழுதிவிட்டேன்.

8. இப்போதுதான் என் குழப்பமே. தவறு தெரிந்ததும் சேவைச் சங்கச் செயலாளர் மிகவும் வருந்தினார். ஆனால் உதவித்தொகைக் கணக்கில் வாங்கிய இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் என் மகளுக்கு வழங்க விதியில் இடம் உண்டாம். "நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும், மெஷினைக் கழட்டிட்டு பாப்பாவுக்குக் குடுத்துடலாம். ஸ்கூலுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஒரு சம்மதக் கடிதத்தை நீட்டினார். இரண்டு விண்ணப்பத்திலும் என் கையெழுத்தே இருப்பதால் நான் ஒருவன் சம்மதித்தால் போதுமாம். தகப்பனாகக் கையெழுத்திட்டால் தெருச் சங்கச் செயலாளராகத் துரோகி. செயலாளராக மறுத்தால் தகப்பனாக என்ன ஆவேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்லூரியில் சேரக் கடைசி நாள் பதினெட்டு. அதற்கு மேல் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

9. மகளிடமே கேட்டேன். "அந்தப் பிள்ளைங்க குடிக்கிற தண்ணிய நிறுத்திட்டு, கிருமியப் பத்தி நான் என்னத்தப்பா படிக்கப் போறேன்?" என்றாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

ஆகவே ஐயா, இயந்திரத்தை நலத்திட்ட நிதியின் கீழ் மாற்றி எழுதி, உதவித்தொகையை என் மகளுக்குப் பதினெட்டாம் தேதிக்குள் விடுவித்துத் தருமாறு மன்றாடுகிறேன். அப்படிச் செய்ய விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றால், இல்லை என்பதையாவது தாங்களே எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தச் சம்மதக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு நாள் கல்லாப் பெட்டியில் வைத்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை பார்த்தபோது, கையெழுத்துப் போடும் இடத்தை என் மகள் பேனாவால் குறுக்கே அடித்து வைத்திருக்கிறாள். வேறு படிவம் கேட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

நாள்: இம்மாதம் பதினொன்று
இடம்: கடை

இப்படிக்கு,
(கையொப்பம்)
பெண்ணின் தகப்பன்