தகரக் கூரை போட்ட எருக்குழி

மார்ச் 4

எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கமிட்டிக் கூட்டம். 'உயிரியல் பாதுகாப்பு அதிகாரி' என்று என் அறைக் கதவில் பலகை தொங்குகிறது. கூட்டத்தில் என் வேலை என்னவோ, பிஸ்கட் தட்டு யார் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதுதான். தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆகட்டும்'. எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்த ஒரு சொல்தான் வரும். இன்று அவர் பிஸ்கட் ஒன்று நனைந்து தேநீருக்குள் விழுந்துவிட்டது. அதற்குக் காட்டிய கவலையில் பாதியைக் கோப்புகளுக்குக் காட்டியிருக்கலாம்.

கடைசியில் அத்தானின் கோப்பு வந்தது. அக்கா வீட்டுக்காரர் கோப்பை நான் பார்ப்பது முறையில்லை, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். "சொந்தம்னா இன்னும் நல்லா பாப்பீங்க. ஆகட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். சீ.

அத்தானின் பாக்டீரியா சமையலறைக் கழிவைச் சீக்கிரம் மக்க வைக்கும். அதற்காக அதன் சொந்த மரபணு ஒன்றை வெட்டியெடுத்திருக்கிறார். புதிய விதிப்படி, வெளி மரபணு எதுவும் உள்ளே மிஞ்சியிருக்கக் கூடாது, வேலை மூடிய இடத்தில் நடக்க வேண்டும். அப்படியிருந்தால் அரசின் மரபணு ஆணையத்தின் அனுமதி தேவையில்லை, என் கையெழுத்தோடு ஓர் அறிவிப்பு போதும். இல்லாவிட்டால் ஆணையத்தின் வாசலில் வருடக்கணக்கில் தவம் கிடக்க வேண்டும். அதற்குள் அத்தானின் ஆய்வு நிதி காலாவதியாகிவிடும்.

மார்ச் 5

அந்த 'மூடிய இடத்தை'ப் போய்ப் பார்த்தேன். கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் எருக்குழி! சமீபத்தில் மேலே தகரம் போட்டு, முன்னால் கம்பிக் கதவு வைத்து, பூட்டும் மாட்டியிருக்கிறார்கள். 'ஆய்வகம் - அந்நியர் நுழையக் கூடாது' என்று பலகை வேறு. அடியில் வெறும் மண். ஓரமாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து, பாத்திரம் கழுவும் தொட்டி வரைக்கும் வந்திருந்தது. அதன்மேல் ஈக்கள்.

"விதியில என்ன இருக்கு? கூரை, சுவர், பூட்டு. இருக்கா இல்லையா?" என்றார் அத்தான்.

"அடியில தரை இல்லையே அத்தான்."

"தரை வேணும்னு எழுதலையேம்மா."

எழுதவில்லைதான். அறைக்குத் திரும்பி விதியை வரிவரியாகப் படித்தேன். தரையில்லாமல் ஓர் ஆய்வகத்தை யாராவது காட்டுவார்கள் என்று அதை எழுதிய புண்ணியவானுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

மார்ச் 6

சோப்பு கரைந்ததுதான் மிச்சம். அந்த வாடை கையை விட்டுப் போகவில்லை.

மார்ச் 9

ஞாயிற்றுக்கிழமை. இந்த வீடு அக்கா பேரில் இருக்கிறது. அவளும் அத்தானும் கீழே, நான் மாடி அறையில். மொட்டைமாடித் தொட்டிகளில் அக்காவின் தக்காளி இந்த வருடம் காய்த்துத் தள்ளுகிறது. ஒன்றைப் பறித்து, புடவையில் துடைத்துக் கொடுத்தாள். அப்படியே கடித்தேன். நல்ல ருசி.

"அவர் கேட்டது ஒரு கையெழுத்துதானேடி? போட்டுக் குடுத்துடேன். மனுஷன் தூங்கறதே இல்ல."

"பாக்கறேன்க்கா."

"என்னத்தப் பாக்கறது? அவர் என்ன கொலையா பண்ணிட்டார்?"

மார்ச் 12

வெளி மரபணு இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்டேன். மரபணுவை வெட்டும் கத்தரியை ஒரு சின்ன டி.என்.ஏ. வளையத்தில் ஏற்றித்தான் பாக்டீரியாவுக்குள் அனுப்புவார்கள். அந்த வளையத்தில் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணு ஒன்றும் இருக்கும். அது வெளியிலிருந்து வந்தது. வேலை முடிந்ததும் வளையம் தொலைய வேண்டும். தொலையாவிட்டால் அது வேறு கிருமிகளுக்கும் தாவும். அப்புறம் ஆஸ்பத்திரியில் அதே மருந்தை ஏற்றிவிட்டு, ஏன் கேட்கவில்லை என்று டாக்டர் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

அத்தான் சோதனை முடிவைக் கொடுத்தார். சுத்தம். ஃப்ரீசரில் பத்திரமாக உறைந்திருக்கும் குழாயிலிருந்து எடுத்துச் சோதித்திருக்கிறார்கள்.

குழிக்குப் போவது ஃப்ரீசர் குழாய் இல்லையே?

மார்ச் 13

அவருடைய ஆய்வகத்தில் போய் உட்கார்ந்தேன். குழிக்குப் போகிற பாக்டீரியாவைப் பெரிய குடுவைகளில் வளர்க்கிறார்கள். உதவியாளர் ஒவ்வொரு குடுவையிலும் ஏதோ சில சொட்டு விட்டார். என்னவென்று கேட்டேன்.

"ஆன்டிபயாடிக் மேடம். வேற கிருமி சேந்து கெட்டுடக் கூடாதுன்னு. இங்க எப்பவுமே ஊத்துவோம்."

எப்பவுமே! வளையத்தைச் சுமக்கும் பாக்டீரியா மட்டும்தான் அந்த மருந்தில் பிழைக்கும். வளையத்தைத் தொலைத்தது செத்துப்போகும். எதைத் தொலைத்துவிட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களோ, அதையே தினமும் தீனி போட்டு வளர்க்கிறார்கள். இத்தனை பட்டம் வாங்கியவர்களில் ஒருவருக்குமா உறைக்கவில்லை?

மார்ச் 17

குடுவையிலிருந்து எடுத்து மருந்து கலந்த, கிருமி வளர்க்கும் பிளேட்டில் தடவி வைத்திருந்தேன். இன்று மூடியைத் திறந்தால் விளிம்பு வரை வழவழவென்று வளர்ந்து கிடக்கிறது. உடனே மூடிவிட்டேன்.

மார்ச் 18

அத்தானிடம் பிளேட்டைக் காட்டினேன். முகம் வெளிறும் என்று நினைத்தேன். ம்ஹூம்.

"ஃப்ரீசர்ல இருக்கறது சுத்தம்தானே? விதி கேக்கறது அதோட முடிவைத்தான்."

"நீங்க கொட்டறது இதை, அத்தான்!"

"இப்ப எதுக்குக் கத்தறே?"

தலைவரிடம் போனேன். பிளேட்டைத் தூக்கிப் பார்த்தார். "அழகா வளந்திருக்கே," என்றார். அப்புறம், "இதெல்லாம் குடும்பத்துக்குள்ளயே பேசி முடிச்சுக்கங்க. ஆகட்டும்."

குடும்பத்துக்குள்ளேயாம்! தூ. இந்தக் கூட்டத்தோடு இத்தனை வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து எப்படித்தான் சாப்பிட்டேனோ.

மார்ச் 20

அக்கா மாடியேறி வந்து சண்டை போட்டாள். உன் படிப்புக்கு அலைந்தது அவர், உன்னைக் கூடவே வைத்துக்கொண்டது அவர், நீ நன்றி கெட்டவள் — எல்லாம் கேட்டேன். கடைசியில் சொன்னாளே ஒன்று.

"அந்த எருவுல அப்படி என்னடி விஷம் இருக்கு? கொலை விழுந்த மாதிரி பதறுறே. தொட்டியில பூரா அதுதான் கெடக்கு. மூட்டையா அவர்தான் கொண்டாந்து போட்டார். நீயும்தானே தின்னே!"

அப்படியென்றால் என் கையெழுத்தைக் கேட்பதற்கு முன்பே குழியில் கொட்ட ஆரம்பித்தாயிற்று. கொட்டியதை அள்ளிக்கொண்டு வீட்டுக்கும் வந்தாயிற்று. தன் சான்றிதழைத் தானே நம்பி, பெண்டாட்டியின் தக்காளிச் செடிக்குப் போட்டிருக்கிறார் மனிதர்.

அன்று கடித்த தக்காளியின் ருசி நினைவுக்கு வந்தது. வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

மார்ச் 22

எந்த மண்ணிலும் மருந்துக்கு அசையாத கிருமிகள் இயல்பாகவே இருக்கும். அதனால் பிளேட்டை நம்பாமல், அந்த வளையத்தையே தேடும் பி.சி.ஆர். சோதனை வைத்தேன். தொட்டி மண்ணில் வளையம் இருக்கிறது.

ஆணையத்துக்கு எழுத உட்கார்ந்து, தண்டனைப் பிரிவைத் திறந்தேன். படித்தது சரிதானா என்று தெரிந்த வக்கீலுக்குப் போன் செய்தேன்.

"மூடின இடத்துக்கு வெளிய கண்டுபிடிச்சா, அந்த இடத்தோட சொந்தக்காரர்தாங்க பொறுப்பு. வீடு யார் பேர்ல இருக்கு?"

போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 23

எழுதினால் அக்கா குற்றவாளி. எழுதாவிட்டால் குழி கசிந்துகொண்டே இருக்கும். பூட்டு மாட்டியவருக்கு ஒன்றுமில்லை, ஆகட்டும் போட்டவருக்கு ஒன்றுமில்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்றியவள்தான் மாட்டிக்கொள்வாளாம். இதற்குப் பெயர் சட்டம்! எந்த மடையன் எழுதினான் இதை?

மார்ச் 26

மறைத்து என்ன செய்ய? ஆணையத்துக்கு எழுதியதை, அடியில் வீட்டு உரிமையாளர் கையெழுத்துக்கு இடம் விட்டு, அக்காவிடமே கொடுத்தேன். வளையம், மருந்து, ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மெதுவாகப் படித்தாள்.

"என் பேரு மட்டுந்தான் வருமா?"

"இந்த விதிப்படி அப்படித்தான்க்கா. அத்தான் கொண்டுவந்தார்னு அவரே எழுதிக் குடுத்தா வேற."

படிக்கட்டருகே போய்க் குரல் கொடுத்தாள். அத்தான் வந்தார்.

"எரு எங்கேருந்து வந்துதுன்னு எழுதித் தர்றீங்களா?"

அவர் காகிதத்தைப் படித்தார். வெகுநேரம் படித்தார். "யோசிச்சுப் பாரு. உனக்கு ஒரு எச்சரிக்கையோட போயிடும். எனக்குன்னா ஆய்வே போயிடும்."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அவள் என் பக்கம் கையை நீட்டினாள்.

"கையெழுத்துதானேடி. குடு பேனாவை."

மார்ச் 27

அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 2

அக்கா செடிகளை வேரோடு பிடுங்கினாள். காய், மண், தொட்டி எல்லாவற்றையும் தடித்த பைகளில் கட்டி, ஆட்டோகிளேவில் அவித்துக் கொல்லக் கொண்டுபோனேன். பைகளின் வாயை அவள்தான் இறுக்கி இறுக்கிக் கட்டினாள்.

மே 19

ஆணையத்தின் பதில் வந்தது. அறிவிப்பு செல்லாது, முழு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதுவரை குழியை மூட வேண்டும். நிறுவனத்துக்கு 'உரிய கவனம் செலுத்துமாறு அறிவுரை'. வீட்டு உரிமையாளருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. அத்தனை பக்கத்திலும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பது அக்காவை ஒருத்தியைத்தான். 'ஆகட்டும்' எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார். நான் தொடவில்லை.

ஜூன் 8

ஞாயிற்றுக்கிழமை. கீழே சாப்பிடக் கூப்பிட்டாள் அக்கா. அந்தச் சண்டைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அத்தானும் இருந்தார். தட்டைப் பார்த்துவிட்டு, பழைய ஞாபகத்தில், "தக்காளி இல்லையா?" என்றார்.

"மூடின இடத்துல வெச்சிருக்கேன். அனுமதி வாங்கிட்டு வாங்க," என்றாள் அக்கா.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எழுந்துபோய், கடையில் வாங்கிய தக்காளியைக் கழுவி நறுக்கி என் தட்டில் வைத்தாள். வெகுநாளைக்குப் பிறகு சாப்பாடு இறங்கியது.