பொங்கலன்று புகையாக நின்றவளுக்கு

வியாழன் மாலையில் உம்மா சாம்பிராணிச் சட்டியை அறை அறையாகக் கொண்டுபோவது உனக்குத் தெரியும். இன்று என் மேசையருகே கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டார். புகை மடிக்கணினித் திரையை மூடியதும் எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. அந்தப் பொங்கலில் நீ இப்படித்தானே நின்றாய்.

கட்டாரில் வேலை செய்யும் உன் தம்பிக்காகத்தான் நாம் அந்த இணைய உலகத்துக்குள் போனோம். ஆளுக்கொரு உருவம் எடுத்து நடக்கலாம், பேசலாம் என்று அவன் சொன்னதும் பழுகாமத்திலிருந்து நீயும் காத்தான்குடியிலிருந்து நானும் கணக்குத் திறந்தோம். நீ அதோடு விட்டாயா? உள்ளே ஒரு வாவிக்கரையையே கட்டினாய், கண்டல் மரங்களை நட்டாய், தைப்பொங்கலுக்குப் பானையும் வைத்தாய். நீயே வரைந்த நீலச் சேலையை உன் உருவத்துக்கு உடுத்தி வாசலில் நின்றாய். உன் திரையில் சேலை சரிகையோடு மின்னியது. எங்கள் திரைகளிலோ ஆள் உயரத்துக்கு ஒரு சாம்பல் புகை நின்று "வாங்க, வாங்க" என்றது.

நம்மவர்களின் மரியாதையை என்னவென்று சொல்ல! அந்தச் சேலையைப் பற்றி நீ ஒரு கிழமையாக எல்லோரிடமும் பேசியிருந்தாய். நல்ல நாளில் உடுத்தி நிற்பவளிடம் குறை சொல்லலாமா? உன் தம்பியும் அவன் அறைத் தோழர்களும் புகையைப் பார்த்தே "சீலை நல்ல வடிவு அக்கா" என்றார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"இஞ்சப் பாருகா, நீ வெறும் புகையாத்தான் நிக்கிறாய்."

"பொய் சொல்லாதகா. எனக்கு வடிவாத் தெரியுதே."

"உனக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியல்ல."

கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டாய். மறுநாள் நீயே அழைத்தாய். சேலைப் படம் அளவுக்கு மீறிப் பெரிதாம், நம் ஊர் இணைப்பில் அது மற்றவர்களிடம் போய்ச் சேரவே இல்லையாம். கணினி தற்காலிகமாகச் சேமித்து வைத்திருப்பதை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு என்றேன். "அது கடைசி வைத்தியம்கா, முதல்ல சின்னச் சின்னதாப் பாப்பம்" என்றாய். படத்தைச் சுருக்கினாய், கூட்டமில்லாத இடத்துக்குப் போனாய், பழைய சட்டையை மாட்டிக் கழற்றி மறுபடி சேலையை உடுத்தினாய். புகை கலைந்து நீ வந்தாய்.

அதன் பிறகு உள்ளே நுழைந்ததும் உன் முதல் பேச்சு அதுதான்: "உனக்கு நான் எப்பிடித் தெரியிறன்?" நானும் உள்ளதைச் சொல்வேன். தலைமயிர் வரல்ல என்பேன், கால் ரெண்டும் சாம்பலாக் கிடக்கு என்பேன்.

பிறகு நீ நோயில் விழுந்தபோது மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுற்றி அதே மரியாதை. வந்தவர்கள் எல்லோரும் "நல்லாத் தேறிட்டாய்" என்றார்கள். அதை நம்பி உன் தம்பி தன் லீவைச் சித்திரை வருடப்பிறப்புக்குத் தள்ளி வைத்திருந்தான். எல்லோரும் போன பிறகு நீ என் பக்கம் திரும்பினாய்.

"உனக்கு நான் எப்பிடித் தெரியிறன்?"

 அந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் உனக்குப் பொய் சொன்னதில்லை.

"முகம் வத்திப் போச்சுகா. கண் மட்டும் அப்பிடியே இருக்கு."

 நீ சிரித்தாய். "அப்ப தம்பிய இப்பவே வரச் சொல்லு. சித்திரை தூரம்."

உனக்குப் பேச்சு இருக்கும்போதே அவன் வந்து சேர்ந்தான். சின்ன வயதுச் சண்டைகளை எல்லாம் இருவரும் மறுபடி பிடித்தீர்கள். தாதி வந்து சத்தம் போட வேண்டியதாயிற்று. உன்னை அக்கா என்றும் என்னை றாத்தா என்றும் கூப்பிடும் அவன் செத்தவீட்டில் என்னிடம், "நீங்க உண்மையச் சொல்லாட்டி நான் பிந்தியிருப்பன் றாத்தா" என்றான்.

இன்று சாம்பிராணி அடங்கியதும் உள்ளே போனேன். உன் வாவிக்கரையை அவன் பார்த்துக்கொள்கிறான், வியாழனில் அங்கேதான் நிற்பான். நீ எனக்கென்று வரைந்து தந்த பச்சை முக்காட்டைப் போட்டுக்கொண்டேன். என் திரையில் அது பூ வேலையோடு அழகாக வந்தது. ஆனாலும் உன் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அவனிடம் கேட்டேன்: "தம்பி, நான் எப்பிடித் தெரியிறன்?"

புகையைப் பார்த்து வடிவு என்று சொன்ன அதே பிள்ளை, யோசிக்காமல் சொன்னான்: "முக்காடு இன்னும் வரல்ல றாத்தா. சாம்பலாத்தான் கிடக்கு."

நீ போன பிறகு இவ்வளவு ஆறுதலான சொல்லை நான் கேட்டதில்லை.